தூரத்து நிலையங்களும் பக்கத்து இரைச்சலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வானொலியைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பழைய பெட்டிகளின் படங்கள் நன்றாக இருந்தன. எழுதியவரும் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் கடைசிப் பத்தியில், தூர தேசத்து நிலையங்களைத் தேடிப் பிடித்துக் கேட்கும் பொழுதுபோக்கு முடிந்துபோன சங்கதி என்று போகிறபோக்கில் ஒரு வரி. உலகத்து வானொலி எல்லாம் கைப்பேசிக்குள் வந்துவிட்ட பிறகு அதற்கு இனி வேலை இல்லையாம். பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்தப் பைத்தியம் எனக்குச் சின்ன வயதிலேயே பிடித்தது, இன்னும் தெளியவில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது. இடமில்லை என்று வெட்டுவதானால் வரலாற்றுப் பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள். சார்ஜர் பற்றிய பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

என் மகனும் அந்தக் கட்டுரையாளர் கட்சிதான். "அம்மா, அதான் போன்லயே தெளிவா வருதே, எதுக்கு இந்தக் கரகரப்போட மல்லுக்கட்டுறே?" என்பான். கேட்பது நியாயம்தான். பாட்டுக் கேட்கவும் செய்தி கேட்கவும் நானும் கைப்பேசியைத்தான் எடுக்கிறேன். ஆனால் அதில் எந்த ஊர் நிலையமும் எந்த நேரத்திலும் ஒரே மாதிரி வரும். பகல் இரவு கிடையாது, மழைக்காலம் வெயில்காலம் கிடையாது, பக்கத்து ஊர் தூரத்து ஊர் என்ற பேதமும் கிடையாது. நான் சொல்வது வேறு விஷயம். எங்கோ ஒரு கோபுரத்திலிருந்து கிளம்பிய அலை வானத்தில் பட்டுக் கீழே வந்து, கடலில் பட்டு மறுபடி மேலே போய், கடைசியில் என் மேசைமேல் இருக்கும் பெட்டிக்குள் தானாக வந்து விழுகிறது. நடுவில் கம்பியும் இல்லை, கம்பெனியும் இல்லை. இன்றைக்கு வரும், நாளைக்கு வராமலும் போகும்.

ஏன் வருகிறது, ஏன் வராமல் போகிறது என்பதில்தான் பாதி சுவாரசியம். மத்திய அலையை, அதாவது மீடியம் வேவை, பகலில் திருகிப் பாருங்கள். சுற்றுவட்டார நிலையங்கள் சில மட்டும் இருக்கும், மற்ற இடமெல்லாம் வெறும் 'உஸ்'. பொழுது சாயச் சாய அந்தக் காலி இடங்களில் முணுமுணுப்பு கிளம்பும். நன்றாக இருட்டிய பிறகு இடமே போதாது, ஒரே அலைவரிசை எண்ணில் இரண்டு மூன்று மொழிகள் முட்டிக்கொள்ளும். தரையிலிருந்து 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், வெயிலால் மின்னேற்றம் பெற்ற காற்றில், டி அடுக்கு என்று ஒன்று இருக்கிறது. வெயில் இருக்கும்வரை அது மத்திய அலையை மேலே போகவிடாமல் விழுங்கிக்கொள்ளும். சூரியன் மறைந்ததும் அது கலைந்துவிடும். அதற்கும் மேலே உள்ள அடுக்குகள் அலையைத் திருப்பி அனுப்ப, ஆயிரம் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி அது தரைக்கு இறங்குகிறது.

பாதை முழுக்க இருட்டாக இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. அதனால் மாலையில் கிழக்கத்தி நிலையங்கள் முதலில் தலைகாட்டும், அங்கேதான் முதலில் இருட்டுகிறது. விடியற்காலையில் கிழக்கு முதலில் மறைந்துபோகும், மேற்கத்தி நிலையங்கள் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். பூமி சுழல்வதைப் படம் போட்டு எத்தனையோ வகுப்புகளில் காட்டியிருக்கிறோம். அதைக் காதால் கேட்கலாம் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

சிற்றலையில், அதாவது ஷார்ட்வேவில், கதை வேறு. பகலுக்கு 16, 19 மீட்டர் அலைநீளம், இரவுக்கு 41, 49 மீட்டர் என்று பொதுவாகச் சொல்வார்கள். 31 மீட்டர் இரண்டு பக்கமும் ஒத்துப்போகும். இதற்கு மேல் சூரியனின் சுமார் 11 ஆண்டுச் சுழற்சி ஒன்று இருக்கிறது. சூரியப் புள்ளிகள் அதிகமாக இருக்கும் ஆண்டுகளில் சிற்றலையின் உயர்ந்த அலைவரிசைகள் களைகட்டும். புள்ளிகள் குறைந்த ஆண்டுகள் மத்திய அலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். எனக்கு இரண்டும் வேண்டும் என்பதால் எந்த ஆண்டும் நஷ்டமில்லை.

இன்றைக்கு வானம் எப்படி என்று பார்க்க நான் முதலில் போவது 10 மெகா ஹெர்ட்ஸுக்கு. அங்கே அமெரிக்காவின் நேர அறிவிப்பு நிலையங்கள் இரண்டு இருக்கின்றன. கொலராடோ மாநிலத்து ஃபோர்ட் காலின்ஸில் டபிள்யூடபிள்யூவி, ஹவாயின் கவாய் தீவில் டபிள்யூடபிள்யூவிஎச். முன்னதில் ஆண் குரல், பின்னதில் பெண் குரல். நிமிடம் பிறக்கக் கால் நிமிடம் இருக்கும்போது பெண் குரல் நேரத்தைச் சொல்லும். அது முடிந்ததும் ஆண் குரல் சொல்லும். டிக், டிக் என்ற சத்தத்துக்கு நடுவே அந்தப் பெண் குரல் லேசாக ஏறி இறங்கி வந்தால் பசிபிக் பாதை திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஆண் குரலும் சேர்ந்து வந்தால் அன்றைக்குத் தூக்கம் கெட்டது.

இதற்கெல்லாம் பெரிய கருவி வேண்டுமே என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு சங்கதி. சாதாரண டிரான்சிஸ்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே விரல் தடிமனுக்குக் கறுப்பாக, ஃபெரைட் என்ற காந்தப் பொருளால் ஆன ஒரு தண்டு படுத்திருக்கும், அதன்மேல் மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருக்கும். மத்திய அலைக்கு அதுதான் ஏரியல். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இழுப்புக் கம்பியை எவ்வளவு ஆட்டினாலும் மத்திய அலையில் ஒன்றும் ஆகாது. அந்தத் தண்டின் பக்கவாட்டு நிலையத்தைப் பார்த்திருந்தால் ஒலி அதிகம்; முனை பார்த்திருந்தால் ஒலி விழுந்துவிடும். பலமான நிலையம் ஒன்று மேலே உட்கார்ந்துகொண்டு அடியில் இருப்பதைக் கேட்கவிடாமல் செய்கிறதா? பெட்டியை மேசைமேல் மெதுவாகத் திருப்புங்கள். ஓர் இடத்தில் அந்தப் பலசாலி திடீரென்று அடங்குவார். அந்த இடம் மிகக் குறுகியது, ஒரு விரற்கடை தாண்டினாலும் மறுபடி எழுந்துவிடுவார். அங்கே அப்படியே பிடித்துக்கொண்டால் அதே எண்ணில், அதுவரை இருந்ததே தெரியாத இன்னொரு நாட்டின் பாட்டு மேலே வரும். முதல்முதலாக இதைச் செய்து பார்க்கிற யாரும் கையை எடுக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், கொஞ்சம் நுணுக்கமானது. ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்காவில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன: 531, 540, 549 என்று. அமெரிக்கக் கண்டங்களில் இடைவெளி 10: 540, 550, 560. ஆக, 1521இல் உங்கள் பக்கத்து நிலையம் ஒன்று இருக்கும்போது கூடவே மெல்லிய விசில் ஒன்று விடாமல் கேட்டால், 1520இல் கடலுக்கு அப்பாலிருந்து ஏதோ வந்து உரசுகிறதோ என்று சந்தேகப்படலாம். பெரும்பாலும் அது வேறு ஏதாவதாக இருக்கும். சந்தேகப்படுவதற்குக் காசா பணமா?

பிடித்துவிட்டால் மட்டும் போதாது, எது என்று தெரிய வேண்டும். நிலையங்கள் பெரும்பாலும் மணி திரும்பும்போது தங்கள் பெயரைச் சொல்லும். அந்த நேரம் பார்த்துத்தான் ஒலி மங்கும், இது எழுதாத விதி. தெரிந்த பிறகு தர அறிக்கை எழுதுவது. தேதி, யுடிசி எனப்படும் உலகப் பொது நேரம், அலைவரிசை, என்னென்ன கேட்டோம், எப்படிக் கேட்டது, என்ன பெட்டி, என்ன ஏரியல். ஒலித் தரத்துக்கு சின்போ என்று ஐந்து இலக்கம் இருக்கிறது. பலம், குறுக்கீடு, இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்தத் தரம், ஒவ்வொன்றுக்கும் 5 முதல் 1 வரை. 55555 என்று எழுதுகிறவரை நான் நம்புவதில்லை; அவ்வளவு சுத்தமாகக் கேட்டால் அது தூரத்து நிலையமே இல்லை.

அறிக்கையில் 'நிகழ்ச்சி இனிமையாக இருந்தது' என்று எழுதினால் பிரயோசனமில்லை. எத்தனை மணி எத்தனை நிமிடத்தில் ஆண் குரல் முடிந்து பாட்டு வந்தது, பாட்டில் என்ன வாத்தியம், நடுவில் எந்த ஊர்ப் பெயர் காதில் விழுந்தது, இப்படி எழுத வேண்டும். மொழி புரியாவிட்டாலும் இவ்வளவும் எழுதலாம். நிலையத்தார் தங்கள் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, 'ஆம், நீங்கள் கேட்டது எங்களைத்தான்' என்று க்யூஎஸ்எல் அட்டை அனுப்புவார்கள். கோபுரம், மலை, பறவை என்று அந்த ஊர்ப் படம் போட்ட அட்டை. இப்போது பல நிலையங்கள் மின்னஞ்சலிலேயே அனுப்பிவிடுகின்றன. எனக்குக் காகித அட்டைதான் பிடிக்கும், அதில் ஒன்றும் தத்துவம் இல்லை, சுவரில் ஒட்டலாம் என்பதுதான். அந்தச் சுவரில் ஒரு இடத்தைக் காலியாக வைத்திருக்கிறேன். அண்டார்டிகாவில் எஸ்பெரான்சா தளத்தில் அர்ஜென்டினாவின் எல்ஆர்ஏ 36 என்ற நிலையம் இருக்கிறது, 15476 கிலோ ஹெர்ட்ஸில் பெயர் பெற்றது. எனக்கு அகப்படவே இல்லை. அந்த எண்ணைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கை தானாக நின்றுவிடும்.

சரி, இப்போது கட்டுரையாளர் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னதில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நெதர்லாந்து வானொலி 2012இல் சிற்றலையை விட்டது. ஆஸ்திரேலிய வானொலியின் சிற்றலை 2017 ஜனவரி 31 அன்று நின்றது. அதே ஆண்டு ஏப்ரல் 30 அன்று, 1941இல் தொடங்கிய பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பும் முடிந்தது. அந்த இரவில் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் உங்கள் வாசகர்கள் பலரும் இருந்திருப்பார்கள். இவையெல்லாம் இழப்புதான்.

ஆனால் நிலையங்களை மூடுவதால் இந்தப் பொழுதுபோக்கு சாகிறது என்று எழுதுவது தப்புக் கணக்கு. ஜெர்மனியில் டாய்ச்லாண்ட்ஃபங்க் என்ற வானொலி தன் மத்திய அலையை 2015 டிசம்பர் 31 இரவோடு மூடியது. பிரான்ஸின் அரசு வானொலியும் மத்திய அலையை விட்டது அதே ஆண்டு முடிவில்தான். அப்படிப் பெரிய நிலையம் ஒன்று எழுந்துபோனால், அந்த எண்ணில் அதுவரை அடியில் நசுங்கிக் கிடந்த சின்னச் சின்ன நிலையங்கள் மேலே வருகின்றன. உலகமே ஒலிபரப்பிக்கொண்டிருந்த காலத்தில் பலத்த நிலையத்தைப் பிடிப்பதில் என்ன சாமர்த்தியம் இருந்தது? திருகினால் வரும். இன்றைக்கு, மெலிந்த நிலையத்துக்குக் காது கொடுக்கிறவருக்கு முன்னைவிட இடம் இருக்கிறது. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டதுதான் என் புகார்.

இதுதான் சார்ஜர் பகுதி. கைப்பேசி சார்ஜர், எல்இடி பல்பு, மடிக்கணினி அடாப்டர், இன்வெர்ட்டர், இவை எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது ஒரே ஆசாமி. மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிக் கொடுக்கும் சுற்று அது. வெட்டும் வேகம் 65 கிலோ ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், அதன் மடங்குகளில் எல்லாம் இரைச்சல் முளைக்கும்: மத்திய அலையில் 585, 650, 715 என்று மேலே மேலே. ஒழுங்காகச் செய்த அடாப்டரில் அதை வடிகட்டி நிறுத்த ஒரு சுருளும் ஒன்றிரண்டு கெப்பாசிட்டரும் இருக்கும். மலிவுச் சரக்கில் முதலில் மிச்சம் பிடிப்பது அங்கேதான். விலைக்குக் கழித்த அந்தச் சுருளுக்குப் பதிலாக வீட்டு வயரிங் முழுக்க ஏரியலாகி, ஆயிரம் கிலோமீட்டர் கடந்து வந்த நிலையத்தின் தலையில் உட்கார்ந்து ரீங்காரமிடுகிறது.

எங்கள் வீட்டில் ஒருமுறை மத்திய அலை முழுக்கத் தேனீக்கூட்டில் கல்லெறிந்த மாதிரி ஆகிவிட்டது. பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டரை நிலையமில்லாத ஓர் எண்ணில் வைத்துக்கொண்டு மெயின் சுவிட்சை அணைத்தேன். இரைச்சல் நின்றது. ஆக, திருடன் வீட்டுக்குள்தான். மறுபடி போட்டுவிட்டு, பெட்டியைக் காதோரம் பிடித்தபடி ஒவ்வொரு பிளக் பாயின்டாகப் போனேன். குளிர்பெட்டி யோக்கியன். கூடத்து விளக்கு அரை யோக்கியன். நடையில் இருந்த பிளக்குக்குப் பக்கத்தில் போனதும் பெட்டி கத்த ஆரம்பித்தது. அங்கே ஒரு சார்ஜர், முனையில் போன்கூட இல்லை, சும்மா மாட்டி வைத்திருக்கிறது. பிடுங்கினேன். அந்தக் காலி எண்ணுக்கு அடியிலிருந்து தெரியாத மொழியில் ஒரு பெண் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். சார்ஜர் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை: 'போன்லயே தெளிவா வருதே' என்று கேட்டாரே, அந்தப் புண்ணியவானுடையதுதான்.

பக்கத்து வீட்டில் மீன் தொட்டி விளக்கு இதே வேலையைச் செய்தபோது, சண்டைக்குப் போகவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு போய், "தங்கச்சி, இதை ஒரு நிமிஷம் காதில் வச்சுக் கேளேன்" என்று தொட்டிப் பக்கம் காட்டினேன். கேட்டவள் பயந்துபோனாள், மீனுக்கு ஏதாவது ஆகுமோ என்று. மீனுக்கு ஒன்றும் ஆகாது, எனக்குத்தான் ஆகிறது என்று விளக்கினேன். அடாப்டரை மாற்றிக்கொண்டாள். இதெல்லாம் முடியாத இடத்தில் வழி இருக்கிறது. வயரைப் பிளவுபட்ட ஃபெரைட் வளையத்துக்குள் சில சுற்றுச் சுற்றலாம். பெட்டியை மாடிக்கோ திறந்த வெளிக்கோ எடுத்துப் போகலாம். ஒரு மரச் சட்டத்தில் கம்பி சுற்றி லூப் ஏரியல் செய்து, இரைச்சல் வரும் திசையை அடக்கும்படி திருப்பி வைக்கலாம். ஆனால் எல்லாமே நாமே செய்துகொள்ள வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? விளக்குகள் கிளப்பும் ரேடியோ இரைச்சலுக்கு சிஸ்பர் 15 என்று பன்னாட்டு வரையறையே இருக்கிறது. உங்கள் பத்திரிகையில் எந்த பல்பு மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். அடுத்த முறை, பக்கத்தில் ஒரு சாதாரண வானொலியை வைத்து எந்த பல்பு எவ்வளவு கத்துகிறது என்றும் பார்த்து எழுதுங்கள். பேட்டரி போட்ட டிரான்சிஸ்டர் ஒன்று போதும், ஆய்வுக்கூடம் வேண்டாம்.

இரைச்சலுக்குப் பயந்து இணையவழி வானொலிப் பெட்டிகளுக்குப் போனவர்கள் உண்டு. நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரத்தில் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இருக்கும் பெட்டியை உலகத்தில் யார் வேண்டுமானாலும் உலாவியில் திருகலாம். கற்றுக்கொள்ள அருமையான இடம், நானும் போவேன். ஆனால் அங்கே கேட்டதைத் தன் வீட்டில் கேட்டதாக எழுதி அட்டை வாங்குகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அலை வந்து சேர்ந்தது என்ஸ்கெடே நகரத்துக்கு, உங்கள் வீட்டுக்கு இல்லை.

வரலாறு, வெட்டலாம் என்று சொன்ன பகுதி. மார்க்கோனி 1901 டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து மோர்ஸ் தந்திக் குறியில் வந்த மூன்று புள்ளிகளை நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டதாகச் சொன்னபோது, உருண்டையான பூமியைச் சுற்றி அலை எப்படி வளைந்து வந்தது என்று யாருக்கும் விளங்கவில்லை. மேலே மின்னேற்றம் பெற்ற அடுக்கு இருக்க வேண்டும் என்று 1902இல் கென்னலி, ஹெவிசைடு என்ற இரண்டு அறிஞர்கள் தனித்தனியே சொன்னார்கள். 1924இல் ஆப்பிள்டன் என்ற இயற்பியலாளர் சோதனை செய்து அப்படி ஒன்று இருப்பதைக் காட்டினார். 1947இல் அவருக்கு நோபல் பரிசு. இதற்கு நடுவே 1921 டிசம்பரில் பால் காட்லி என்ற அமெரிக்கர் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசன் கடற்கரையில் கூடாரம் போட்டு, பெவரேஜ் என்ற நீண்ட கம்பி ஏரியலை இழுத்துக் கட்டி, அட்லாண்டிக்கைக் கடந்து வந்த அமெரிக்க அமெச்சூர்களின், அதாவது பொழுதுபோக்குக்காக நிலையம் நடத்துகிறவர்களின், மோர்ஸ் ஒலியைக் கேட்டார். அமெரிக்காவில் 1912ஆம் ஆண்டுச் சட்டம் அமெச்சூர்களை 200 மீட்டருக்கு மேற்படாத அலைநீளங்களுக்குள் ஒதுக்கி வைத்திருந்தது, பெரிய கம்பெனிகளுக்கு அது வேண்டாத இடம் என்பதால். 1923 நவம்பரில் அந்த வேண்டாத இடத்தில், சுமார் 110 மீட்டரில், பிரான்ஸும் அமெரிக்காவும் அமெச்சூர்களின் கைகளால் இருபக்கமும் பேசிக்கொண்டன. கூடாரத்தில் குளிரில் உட்கார்ந்து காது கொடுத்த அந்த மனிதருக்கும் வேலை இல்லாதவர் என்றுதான் பெயர் கிடைத்திருக்கும்.

கடைசியாக உங்களிடம் ஒரு விண்ணப்பம். எந்த நாட்டு நிலையமாவது ஒலிபரப்பை நிறுத்துகிறது என்றால், உங்கள் பத்திரிகையில் மறக்காமல் செய்தி போடுகிறீர்கள், சந்தோஷம். ஆனால் நிறுத்திய பிறகுதான் போடுகிறீர்கள். பெரும்பாலும் நிலையங்கள் முன்கூட்டியே அறிவித்துவிடுகின்றன. அந்த அறிவிப்பு வந்த அன்றே கடைசி நாள் எது, யுடிசி நேரம் என்ன, அலைவரிசை எத்தனை கிலோ ஹெர்ட்ஸ் என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். மூடின மறுநாள் படித்துவிட்டு நான் எந்த எண்ணில் போய் உட்காருவது?

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி